வெண்பனி நாட்டில் பள்ளி செல்லும் பாலர்

‘பனி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு நினைவில் எழுவது யாது? மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில், விடியுமுன் கோயிலுக்குச் செல்லும் ஒழுங்கையின் இருமருங்கும், வேலிக் கதியால்களிலும் வடலி ஓலைகளிலும் துளித்துளியாகத் திரண்டு நிற்கும் நீரே நமது பனி. வெயில் ஏறுமுன் அது மறைந்துவிடும். எனினும் அந்தச் சிறு பனிக்கே நாம் அஞ்சுகிறோம். தலையைப் போர்த்துக்கொள்ளாமல் வெளிக்கிட்டால் தடிமன் பிடிக்கும் என்று வீட்டுக்கு வீடு பாட்டிமார் எச்சரிக்கின்றனர்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். வியப்பு என்னவெனில், கனடா தேசத்து ரொறன்ரோ மாநகரின் குளிர்காலமும் பெரும்பாலும் இந்த நான்கு மாதங்களுக்குள்ளேயே அடங்குகின்றது. பெயரும் ஒன்று, மாதங்களும் ஒன்று; பொருள் மட்டுமே வேறு. நமது பனி துளியாய் நிற்கும். அவர்களுடைய பனியோ முழங்காலளவு குவியும். குவிந்தது கல்லாக இறுகும்.

மார்கழி விடுமுறையோடு சில வார லீவும் சேர்த்துக்கொண்டு, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் வாழும் என் தங்கை குடும்பத்தாருடன் ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதியைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நயாகரா வீழ்ச்சியையும் வானளாவும் கட்டடங்களையும் பற்றி எழுதியோர் பலர். ஆசிரியத் தொழில் புரியும் என் கண்ணோ பள்ளிக்கூடத்தையே நாடிற்று. ஏழு வயது மருமகனையும் நான்கு வயது மருமகளையும் நாள்தோறும் காலையிற் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதனாற் கண்டவற்றையும் கேட்டறிந்தவற்றையும் ஈண்டுக் கூறுகின்றேன். இப்பக்கத்தை வாசிக்கும் குடும்பங்களிற் பலவற்றுக்கு அந்நாட்டிலே பிள்ளையோ பேரப்பிள்ளையோ உண்டு. நாளை அங்குச் செல்ல இருப்போரும் உளர். அவர்களுக்கு இது சிறிது பயன்படக்கூடும்.

நகரும் நம்மவரும்

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய பத்தாவது பாகையில் உள்ளது. ரொறன்ரோ நாற்பத்துநான்காவது பாகையை அடுத்து, ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் அமைந்துள்ளது. தை மாதத்திற் பகல் வெப்பம் பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். இரவில் அதற்குக் கீழே ஆறு, ஏழு பாகைக்கு இறங்கும். இது சராசரி. வடதுருவத்துக் காற்று இறங்கிவரும் சில நாட்களிற் பூச்சியத்துக்குக் கீழ் இருபது பாகையையும் அது தொடுவதுண்டு. ஓராண்டில் விழும் பனி நூறு முதல் நூற்றிருபது சென்ரிமீற்றர் வரை. நமது நுவரெலியாவிலும் தை, மாசி விடியற்காலைகளிற் புல்லின்மேல் வெண்பனி உறைந்து தேயிலைத் தளிரைக் கருகச் செய்வதுண்டு. ஆயின் அது சூரியன் எழுந்ததும் கரைந்தோடும். ரொறன்ரோவில் விழுந்த பனி வாரக்கணக்கில் நிலத்தை விட்டு அகலாது.

இத்தகைய நகரிலே இன்று இலட்சக்கணக்கான தமிழர் வாழ்கின்றனர். 1983 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னரே நம்மவர் பெருந்தொகையினராய் அந்நாட்டை நாடினர். 1986 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மூடுபனியிடையே தத்தளித்த 155 தமிழரை அவ்வூர் மீனவர் மீட்டுக் கரை சேர்த்த நிகழ்ச்சியை மூத்த வாசகர் மறந்திரார். அக்காலத்திற் சென்றோரின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பாலர் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பனி ஒரு விளையாட்டுத் தோழன். இங்கிருந்து புதிதாய்ச் செல்லும் பிள்ளைக்கோ அது முதலிலே ஒரு பகைவனாகவே தோன்றுகின்றது.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அறிவித்தல்

ஒன்ராறியோ மாகாணத்திற் பிள்ளைகள் நான்கு வயதிலேயே பாலர் வகுப்பிற் சேரலாம். ஆரம்பப் பாடசாலை பொதுவாக எட்டாம் வகுப்பு வரை நடைபெறும். குளிர்காலம் தொடங்கும் முன்னரே பெற்றோருக்கு ஓர் அறிவித்தல் வந்து சேர்கின்றது. என் தங்கை வீட்டிற் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே அது ஒட்டப்பட்டிருந்தது. தமிழர் செறிந்து வாழும் அப்பகுதியில், முக்கியமான அறிவித்தல்கள் சில தமிழிலும் கிடைக்கின்றன. இதைக் கண்டபோது என் நெஞ்சு நிறைந்தது.

அறிவித்தலின் முதல் வாசகமே நம்மவர் எண்ணத்துக்கு மாறானது. குளிர் வந்துவிட்டது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று அது கூறவில்லை. பிள்ளைகள் நாள்தோறும் வெளியே சென்று விளையாடுவர். ஆதலால் அதற்கேற்றவாறு உடுத்தி அனுப்புங்கள் என்றே கூறிற்று. காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் இடைவேளை மணி அடிக்கும்போது, பனி கொட்டினும் பிள்ளைகள் முற்றத்துக்குச் செல்லத்தான் வேண்டும். குளிரிலிருந்து பிள்ளையை ஒளித்து வைப்பது நமது வழக்கம். குளிருக்கேற்ப உடுத்திக் குளிருக்குள்ளேயே விடுவது அவர்கள் வழக்கம். இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் மற்றவை யாவும் தாமே விளங்கும்.

உடுத்தும் ஒழுங்கு

பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் குளிர்காலத்தில் வேண்டியவை இவை: தடித்த மேலங்கி, நீர் ஊறாத பனிக்களிசான், உட்புறம் கம்பளி வைத்த உயரமான பனிச்சப்பாத்து, காதை மூடும் தொப்பி, கழுத்துறை, இரண்டு சோடி கையுறை. இவற்றோடு வகுப்பறைக்குள் அணிவதற்கென வேறொரு சோடி சப்பாத்தும் வேண்டும். வெளியே அணிந்த பனிச்சப்பாத்து உள்ளே வந்ததும் கரைந்து குளமாகி நடைகூடத்தை வழுக்கச் செய்யும். ஆதலால் அதை வாசலருகே கழற்றி வைத்துவிட்டு மாற்றுச் சப்பாத்துடனேயே வகுப்புக்குட் புகவேண்டும். நாம் கோயில் வாசலிற் செருப்பைக் கழற்றுவதுபோல அவர்கள் கல்விக்கூட வாசலிற் கழற்றுகிறார்கள் என்று எனக்குள் எண்ணிக்கொண்டேன்.

இவற்றை அணிவதற்கு ஓர் ஒழுங்குண்டு. அந்த ஒழுங்கை எனக்குக் கற்பித்த குரு என் நான்கு வயது மருமகளே.

“மாமா, முதல் பனிக்களிசான். பிறகு சப்பாத்து. பிறகு கோட்டு. கையுறை கடைசி. கையுறையை முதலிற் போட்டால் சிப்பு இழுக்க ஏலாது!” என்று அவள் எனக்கு உபதேசித்தாள்.

கூறியதோடு நில்லாமல், மேலங்கியை நிலத்திலே தலைகீழாக விரித்து, கழுத்துப் பக்கத்திலே நின்று, இரு கைகளையும் அதன் கைகளுக்குள் நுழைத்து, தலைக்கு மேலாக ஒரு வீச்சு வீசினாள். மேலங்கி தானே முதுகில் வந்து விழுந்தது. பாலர் வகுப்பு ஆசிரியைகள் கற்பிக்கும் வித்தை இது. முப்பதுக்கு அண்மித்த பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை எவ்வாறு நாளொன்றுக்கு மும்முறை உடுத்திவிட முடியும்? ஆதலின், எழுத்தறியுமுன்னரே தன் உடையைத் தானே உடுத்தப் பிள்ளை பழக வேண்டியிருக்கிறது. வீட்டிலே ஊட்டிவிட்டும் உடுத்திவிட்டும் வளர்க்கும் நமக்கு இது சற்றே கடுமையாகத் தோன்றும். ஆயின் அச்சிறுமியின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தைக் கண்டவர் அவ்வாறு கூறமாட்டார்.

உடையைப் பற்றி வேறு சில நுட்பங்களும் உண்டு. ஒரே தடித்த உடையிலும் மெல்லிய உடைகள் இரண்டு மூன்று மேலுக்குமேல் அணிவது நன்று. அவற்றிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கும். உடலை ஒட்டி அணிவது பருத்தியாக இருத்தலாகாது. நமது வெயிலுக்கு இனிய பருத்தி, வியர்வையை உறிஞ்சி ஈரமாகி அங்கே குளிரைக் கூட்டும். ஐந்து விரலும் தனித்தனியே நிற்கும் கையுறையிலும், நான்கு விரலும் ஒன்றாய் ஒடுங்கும் கையுறையே சூடு மிக்கது. நீண்ட சால்வையைக் கழுத்திற் சுற்றி அனுப்பினால் விளையாட்டுச் சட்டங்களில் அது சிக்கி இறுக்கக்கூடும். ஆதலின் தலைவழியே அணியும் கழுத்துறையையே பாடசாலைகள் விரும்புகின்றன. காரிற் செல்லும்போது தடித்த மேலங்கியோடு பிள்ளையை இருக்கைப் பட்டியிற் பூட்டலாகாது. விபத்து நேரின் அந்தத் தடிப்பு அமிழ்ந்து பட்டி தளர்ந்துவிடும். மேலங்கியைக் கழற்றிப் பட்டியைப் பூட்டி, அதன்மேலே போர்த்துவதே முறை.

இன்னும் ஒன்று: ஒவ்வொன்றிலும் பெயர் எழுதவேண்டும். முப்பது கரிய மேலங்கிகளும் அறுபது கரிய கையுறைகளும் ஒரே கொளுக்கி வரிசையில் தொங்கும் இடத்திற் பெயரில்லாப் பொருள் நேரே தொலைந்த பொருட் பெட்டிக்கே போய்ச் சேரும். மாசி மாதத்தில் அப்பெட்டியைப் பார்த்தேன். ஒற்றைக் கையுறைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

காற்றின் கொடுமை

அந்நாட்டு வானிலை அறிக்கையில் இரண்டு எண்கள் கூறப்படும். ஒன்று உஷ்ணமானி காட்டுவது. மற்றையது காற்றும் சேரும்போது உடல் உணர்வது. இதனைக் காற்றுக்குளிர் எனலாம். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், உடலுக்கு அது கீழ் 20 போன்றே இருக்கும். தோலை ஒட்டி நிற்கும் சிறு வெப்பப் படலத்தைக் காற்று அள்ளிச் சென்றுவிடுவதே காரணம். அமெரிக்கரான போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசெல் ஆகிய இருவரும் அந்தாட்டிக்காவிலே தண்ணீர் உறையும் நேரத்தை அளந்து இக்கணக்கை முதலில் வகுத்தனர். 2001 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டு இன்று வழங்கும் அளவாயிற்று.

காற்றுக்குளிர் கீழ் 28 ஐ எட்டினால், மூடப்படாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறைந்துவிடக்கூடும். கீழ் 40 இற்குப் போனால் அதற்கு ஐந்து பத்து நிமிடமே போதும். ஆதலால் ரொறன்ரோப் பாடசாலைகளில், பொதுவாகக் கீழ் 20 ஐத் தாண்டும்போது வெளி இடைவேளையைக் குறைப்பதும், கீழ் 28 அளவில் பிள்ளைகளை உள்ளேயே நிறுத்திக்கொள்வதும் வழக்கமாயுள்ளன. அந்நாளில் வகுப்பறைக்குள்ளே சதுரங்கமும் சித்திரமும் நடைபெறும்.

உறைபனி தாக்கிய தோல் முதலில் விறைக்கும், பின்பு வெளுக்கும். நம்மவரின் கரிய நிறத் தோலில் வெளுப்பு எளிதிற் புலப்படாது. சாம்பல் பூத்ததுபோலத் தோன்றும். ஆதலால் நிறத்தை மட்டும் நம்பாமல், மூக்கு நுனியும் காது மடலும் விரல் நுனியும் உணர்வுடன் உள்ளனவா என்று பிள்ளையைக் கேட்டறிதல் வேண்டும். உறைந்த இடத்தை உரஞ்சித் தேய்த்தல் கூடாது. இளஞ்சூட்டு நீரிலே மெல்ல அமிழ்த்தி, மருத்துவரை நாடுவதே தக்கது.

பிள்ளைகளுக்கென வேறு சில கட்டளைகளும் உண்டு. பனியுருண்டை எறியலாகாது; உள்ளே பனிக்கட்டி இருந்தாற் கண் போய்விடும். வீதியோரத்தில் இயந்திரம் குவித்த பனி மேடுகளில் ஏறலாகாது. சறுக்கினால் வாகனத்தின் முன்னே விழ நேரும். உறைந்த குளத்தில் பெரியவரின்றிக் கால் வைக்கலாகாது. இரும்புக் கம்பத்தை நாவால் தொடலாகாது. நாவின் ஈரம் நொடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இக்கடைசிக் கட்டளையைக் கேட்டு நான் நகைத்தபோது, தன் வகுப்பு நண்பன் ஒருவன் அதைச் சோதித்துப் பார்த்த வரலாற்றை என் மருமகன் மிகுந்த மகிழ்ச்சியுடன் எடுத்துரைத்தான்.

வீதிகளில் உப்புத் தூவுகிறார்கள் என்பது ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட நமக்கு வியப்பளிக்கும் செய்தி. நன்னீர் பூச்சியத்தில் உறையும். உப்பு நீர் உறைவதற்கு அதனினும் மிகுந்த குளிர் வேண்டும். ஆதலால் உப்புப் பட்ட பனி இளகி வழிவிடுகிறது. மாணவர் நூலிற் படிக்கும் விஞ்ஞானப் பாடம் அங்கே நடைபாதையிற் கிடக்கின்றது.

பஸ் ஓடாத நாள்

கடும்பனி விழுந்த நாளிற் பெற்றோர் முதலிற் செய்வது, விடியற்காலையிலேயே வானொலியையோ கைத்தொலைபேசியையோ பார்ப்பதாகும். பாடசாலை பஸ்கள் ஓடுமா என்ற முடிவு காலை ஆறு மணியளவில் அறிவிக்கப்பட்டுவிடும். ஈண்டுப் புதியவர்கள் நன்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பஸ் இல்லை என்றாற் பாடசாலை இல்லை என்பது பொருளன்று. பஸ் நின்றாலும் பாடசாலை பெரும்பாலும் திறந்தே இருக்கும். நடந்து வரக்கூடியோர் வருவர். பிள்ளை வராதெனின் பெற்றோர் அதை அறிவிக்க வேண்டும். அறிவியாதவிடத்துப் பாடசாலைக் காரியாலயத்தினர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பர். புறப்பட்ட பிள்ளை வந்து சேரவில்லையெனின் குளிர்காலத்தில் அது உயிர் பற்றிய கேள்வியாகும்.

முற்றாகப் பாடசாலைகள் மூடப்படும் நாட்கள் மிகச் சில. 1999 ஆம் ஆண்டு தை மாதத்தில் அடுத்தடுத்து வந்த பனிப்புயல்களால் நகரமே செயலற்றுப் போக, அப்போதைய நகர முதல்வர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே கற்ற மாணாக்கர் 2022 ஜனவரி 17 ஆந் திகதி வகுப்புக்குத் திரும்பவிருந்தனர். அன்றுதான் பெரும்பனி கொட்டிற்று. நகரின் சில இடங்களில் அரை மீற்றருக்கு மேல் குவிந்தது. பாடசாலைக் கதவுகள் மறுபடியும் மூடின.

சுவரோரம் நின்ற சிறுவன்

பாடசாலை முற்றத்தில் நான் கண்ட ஒரு காட்சியை இங்குக் கூறாமல் இருத்தல் இயலாது. பிள்ளைகள் பனிமேட்டிற் சறுக்கி ஆரவாரிக்க, ஒரு சிறுவன் மட்டும் சுவரோரமாக நின்றான். மெல்லிய களிசான், சாதாரணச் சப்பாத்து, கைகள் இரண்டும் சட்டைக் கைகளுக்குள் ஒடுங்கியிருந்தன. எட்டு வயதிருக்கும். விசாரித்ததில், நம் நாட்டிலிருந்து வந்து மூன்று மாதமே ஆயிற்று என்றும், தந்தை இரவு வேலை செய்பவர், தாய்க்கு ஆங்கிலம் போதாது என்றும் அறிந்தேன். அந்த வாரத்தில் மூன்று நாட்கள் அவன் பாடசாலைக்கே வரவில்லை. குளிர் என்று வீட்டார் மறித்துவிட்டனர். வந்த நாளிலோ வெளியே நிற்க உடையில்லை.

இதனால் வரும் இழப்பைப் பலர் உணர்வதில்லை. பாடத்தை வீட்டிலிருந்தும் படிக்கலாம். ஆயின் புதிய மொழியைப் பிள்ளை பழகுவதும், ஒரு நண்பனைத் தேடிக்கொள்வதும் இடைவேளை முற்றத்திலேதான். பனிமேட்டில் ஒருவனை ஒருவன் பிடித்துத் தள்ளும்போது கற்கும் ஆங்கிலத்தை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் சுவரோரம் நின்ற பிள்ளை, வெயில் வந்த பின்னரும் சுவரோரத்தையே தேடும்.

அவ்வகுப்பு ஆசிரியை செய்தது போற்றத்தக்கது. பழைய மாணவர் விட்டுச் சென்ற நல்ல உடைகளைச் சேர்த்து வைத்த பெட்டியொன்று பாடசாலையில் உண்டு. அதிலிருந்து பனிக்களிசானும் சப்பாத்தும் எடுத்து, மற்றப் பிள்ளைகள் காணாவண்ணம் அவன் பையில் வைத்து அனுப்பினார். தாயார் மறுநாள் அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தார். இரவல் உடை வாங்குவது அவருக்கு இழுக்காகப்பட்டது. மான உணர்ச்சி நம் குலத்துக்கு அணி. அதை நான் குறைகூறேன். ஆசிரியையும் அதைப் புரிந்துகொண்டார் போலும். “இது தானமன்று, நூல்நிலையப் புத்தகம் போன்றது. இவன் வளர்ந்ததும் திருப்பித் தாருங்கள், அடுத்த பிள்ளைக்கு உதவும்” என்று சொல்ல, அதனை அங்கு நின்ற நான் தமிழாக்கினேன். தாயார் சிறிது நேரம் மௌனமாய் நின்றார். பின்பு பையை வாங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தின் பின் அச்சிறுவன் பனிமேட்டின் உச்சியில் நின்று கூவியதைக் கேட்டேன். என்ன கூவினான் என்பது விளங்கவில்லை. பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

நோயும் இருளும்

குளிரைவிடச் சிலரை வருத்துவது இருள். மார்கழி இறுதியிற் சூரியன் எழ எட்டு மணியாகும். மாலை ஐந்துக்கு முன்னரே மறைந்துவிடும். பகல் ஒன்பது மணி நேரமே. நமது மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் நீடிப்பது. கரிய தோலுடையோர்க்கு அந்த மெல்லிய வெயிலிலிருந்து உயிர்ச்சத்து டீ போதிய அளவு கிடைப்பது அரிது. ஆதலால் மருத்துவரைக் கேட்டுப் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்கின்றனர்.

மூடிய அறைகளில் தடிமனும் சுரமும் விரைந்து பரவும். இன்புளுவென்சாவுக்கான தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட யாவருக்கும் 2000 ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோ மாகாணம் இலவசமாக வழங்கி வருகின்றது. அம்மை முதலியவற்றுக்கு இட்ட தடுப்பூசிகளின் பதிவும் சுகாதாரப் பகுதியிடம் இருத்தல் வேண்டும். இல்லாவிடின் பிள்ளையைச் சில நாட்கள் பாடசாலையிலிருந்து நிறுத்திவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. இங்கிருந்து செல்வோர் பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாகக் கொண்டு செல்வாராக. பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்ததாக அதையே எண்ணலாம்.

பனியிற் பொங்கல்

ஒன்ராறியோ மாகாணம் 2014 ஆம் ஆண்டிலும், கனடாப் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டிலும் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. ஆதலின் தைப்பொங்கல் பல பாடசாலைகளிலே கொண்டாடப்படுகின்றது. எங்கள் வீட்டில் என் அம்மா மின்னடுப்பிற் பொங்கி, பானையைக் கிழக்கு நோக்கிய கண்ணாடிக் கதவருகே வைத்துப் படைத்தார். வெளியே எங்கும் வெண்மை. அதன்மேல் எட்டு மணிச் சூரியன் செந்நிறமாய் எழுந்தான். அவ்வளவு ஒளியை யாழ்ப்பாணத்துப் பொங்கலிலும் நான் கண்டதில்லை. பனி முழுவதும் கண்ணாடியாய் மாறி அவனைத் திருப்பிக் காட்டிற்று.

அன்று பாடசாலையிற் கலை நிகழ்ச்சி. மருமகளுக்குப் பட்டுப்பாவாடை. அதனை எவ்வாறு பனிக்களிசானுக்குள் அடக்குவது என்பது பெருஞ் சிக்கலாயிற்று.

“குளிருக்குள்ள என்ன பட்டு? ஒரு நாளைக்கு வீட்டில நிக்கட்டுமே,” என்றார் அம்மா.

“இல்லை அம்மம்மா, நான் ஆடவேணும்!” என்று கூறிய சிறுமி, பாவாடையை இடுப்பில் உருட்டிச் செருகி, களிசானை இழுத்து, மேலங்கியைத் தலைக்கு மேலாக வீசி, ஒரு நிமிடத்தில் ஆயத்தமாகிவிட்டாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் கழுத்துறையை மட்டும் சற்று மேலே இழுத்துவிட்டார்.

செல்ல இருப்போருக்கும் இங்கிருப்போருக்கும்

புதிதாய்ச் செல்லும் குடும்பத்தார் கொழும்பிலே கம்பளி தேடி அலைதல் வேண்டாம். அந்நாட்டுக் குளிருக்கான உடை அந்நாட்டிலேயே தகுந்ததாய்க் கிடைக்கும்; பழைய உடை விற்கும் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும். பாடசாலை அனுப்பும் அறிவித்தலை, மொழி விளங்காவிடினும் எறியாதீர்கள். அயலவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள், அன்றேல் தமிழில் தரும்படி கேளுங்கள். கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. உடை வாங்க வசதியில்லையெனின் அதையும் ஆசிரியரிடம் சொல்லலாம். முதற் குளிர்காலத்திற் பிள்ளை தவறவிடும் நாட்களை மட்டும் மிகக் குறைவாக்குங்கள்.

இங்கிருந்து தொலைபேசியிற் பேசும் பாட்டன் பாட்டிமாருக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் ரொறன்ரோ நேரம் நமது நேரத்துக்குப் பத்தரை மணி பிந்தியது. பங்குனி மாத இரண்டாம் ஞாயிறு முதல் கார்த்திகை முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி. ஆகவே, நாம் விளக்கேற்றிவிட்டு ஆறுதலாக இருக்கும் மாலை ஆறு மணி, அங்கே குளிர்காலத்துக் காலை ஏழரை மணி. அந்நேரத்தில் ஒரு தாய் ஒரு கையிற் பனிச்சப்பாத்தையும் மறுகையில் ஒற்றைக் கையுறையையும் வைத்துக்கொண்டு மற்றக் கையுறையைத் தேடிக்கொண்டிருப்பாள். இரவு எட்டு மணிக்குப் பேசுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருப்பர். அவளும் ஒரு கோப்பை தேநீருடன் அமர்ந்திருப்பாள்.